வீட்டில் கட்டிய ஆறு அங்குலத் தொலைநோக்கியில் கேமரா: எந்த வழி நல்லது?

கையால் தேய்த்த ஆறு அங்குல எஃப்/8 (குவியத்தூரம் விட்டத்தைப் போல எட்டு மடங்கு) ஆடி, பிவிசி குழாய், பிளைவுட்டில் செய்த, கையால் திருப்பும் டாப்சோனியன் தாங்கி. கண்ணால் பார்க்க அருமையான கருவி. ஆனால் அதில் டிஎஸ்எல்ஆரை மாட்டினால் நிலா வெள்ளைத் திட்டாகவே நிற்கும். ஃபோகசரை (தெளிவைச் சரிசெய்யும் திருகுகுழலை) எவ்வளவு உள்ளே திருகினாலும் தெளியாது. இதற்கு ஆடியைக் குறை சொல்ல வேண்டாம். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸுக்காகக் கட்டிய குழாயில் பிம்பம் ஃபோகசரின் வாயை ஒட்டியே விழும். கேமராவின் சென்சாரோ, அதை ஃபோகசரோடு இணைக்கும் டி-ரிங்கையும் சேர்த்தால், அந்த வாயிலிருந்து 55 மி.மீ. தள்ளி இருக்கிறது.

எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். ஃபோகசரை முழுக்க உள்ளே இறக்கி, ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாயை நிலாவுக்குத் திருப்புங்கள். ஃபோகசரின் வாய்க்கு நேரே ஒரு துண்டு பட்டர் பேப்பரைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் நிலாவின் விளிம்பு கூர்மையாக விழும். அது வாயிலிருந்து 15 மி.மீ. தள்ளி இருந்தால், இன்னும் 40 மி.மீ. வேண்டும்.

அந்த 40 மி.மீட்டரைப் பெற எளிய வழி, பிம்பத்தைப் பெருக்கும் பார்லோ லென்ஸ். குழாயில் கை வைக்க வேண்டியதில்லை. லென்ஸைச் செருகினாலே குவியம், அதாவது பிம்பம் கூர்மையாக விழும் இடம், வெளியே வந்துவிடும். ஆனால் 2 மடங்கு பார்லோ போட்டால் 1200 மி.மீ. குவியத்தூரம் 2400 ஆகும், எஃப்/8 எஃப்/16 ஆகும், எக்ஸ்போஷர் நான்கு மடங்கு நீளும். இன்னொரு சிக்கலும் உண்டு. 1200 மி.மீட்டரில் நிலாவின் பிம்பம் ஏறத்தாழ 11 மி.மீ.; 15 மி.மீ. உயரமுள்ள ஏபிஎஸ்-சி சென்சாரில் அழகாக அடங்கும். பார்லோவோடு அது 22 மி.மீ. ஆகிவிடுவதால் முழுநிலா ஒரே படத்தில் கொள்ளாது.

அதனால் டிஎஸ்எல்ஆர்தான் என்று முடிவு செய்தவர்களுக்கு, முதன்மை ஆடியையே 40 மி.மீ. முன்னே நகர்த்தச் சொல்வேன். ஆடி எவ்வளவு முன்னே போகிறதோ, குவியமும் அவ்வளவு வெளியே வரும். குழாயை அறுக்க வேண்டாம். ஆடி உட்கார்ந்திருக்கும் செல்லுக்குப் புதிய திருகுத் துளைகளை மட்டும் போடுங்கள்; பிடிக்காவிட்டால் பழைய துளைகளுக்கே திரும்பிவிடலாம். கண்ணால் பார்க்கும்போது ஐபீஸுக்கு அதே 40 மி.மீ. நீட்டிப்புக் குழல் வேண்டும். ஒளியை ஃபோகசருக்குத் திருப்பும் செகண்டரி ஆடியில் விழும் ஒளிவட்டம் 5 மி.மீ. பெரிதாகும், செகண்டரி சிறியதாக இருந்தால் படத்தின் ஓரங்கள் மங்கும். கேமராவின் எடையால் குழாயின் முன்பக்கம் தாழ்ந்துவிடும். பிவிசியில் காந்தம் ஒட்டாது, ஆகவே பின்பக்கம் ஒரு சின்ன மணல் பையைக் கட்டுங்கள். கையில் இருப்பது மிரர்லெஸ் கேமராவா? சோனி இ-மவுன்ட்டில் சென்சார் 18 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது. ஒல்லியான அடாப்டர் கிடைத்தால் ஆடியைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலே போதும்.

கைபேசியைக் கிளாம்ப்பில் பிடித்து ஐபீஸ் வழியே எடுப்பதுதான் மலிவு. திரையில் நிலாவை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, டைமர் வைத்து எடுத்தால் பள்ளங்கள் நன்றாகவே விழும். தொடங்குபவருக்கு இது போதும்.

கோள்கள் என்றால் என் ஓட்டு, ஐபீஸ் இடத்தில் செருகும் சின்ன கோள் கேமராவுக்கு. குவியச் சிக்கலே கிடையாது. வியாழன் நன்றாகத் தெரியும் நாளில் 45 விநாடிக்கோண (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விநாடிக்கோணம்) அகலம் இருக்கும், 1200 மி.மீட்டரில் அதன் பிம்பம் கால் மில்லிமீட்டர்தான். டிஎஸ்எல்ஆரில் அது 60 பிக்சல். 2.9 மைக்ரான் பிக்சல் கேமராவோடு 2 மடங்கு பார்லோ சேர்ந்தால் 180 பிக்சல். நிலாவுக்கு இடைஞ்சலான பார்லோ இங்கே கைகொடுக்கிறது. ஆயிரக்கணக்கான ஃபிரேம்களை வீடியோவாக எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருளில் நல்லவற்றை மட்டும் அடுக்கினால் பட்டைகள் தெளியும். ஆனால் தாங்கி வானத்தோடு சுழலாததால், பார்லோ போட்டபின் வியாழன் அரை நிமிடத்தில் சென்சாரைக் கடந்துவிடும். குறிபார்க்கும் சின்ன ஃபைண்டரைத் துல்லியமாகச் சரிசெய்துவிட்டே இதில் இறங்குங்கள்.

ஓரியன் நெபுலா ஆசை உள்ளவர்களுக்கு: விண்மீன்கள் நொடிக்கு 15 விநாடிக்கோணம் நகர்கின்றன. நகராத தாங்கியில் 1200 மி.மீட்டரில் இருபதில் ஒரு நொடிக்குள் ஒரு பிக்சல் தாண்டிவிடும். வானத்தோடு சுழலும் ஈக்குவடோரியல் தாங்கி வாங்கினாலும், ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இந்தக் குழாய் காற்றுக்கு ஆடும். அந்தத் தாங்கியின் அச்சைத் துருவ விண்மீன் பக்கம் திருப்பி வைக்க வேண்டும்; சென்னையில் அது 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது, மதுரையில் 10. பக்கத்து வீட்டு மாடியும் அடிவானப் புழுதியும் மறைத்துவிட்டால், தாங்கியின் அச்சை விண்மீன் நகர்வைப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். அந்தப் பணத்துக்கு கேமராவை வானத்தோடு சுழற்றும் ஒரு சின்ன ஸ்டார் டிராக்கரும் 135 மி.மீ. லென்ஸும் வாங்குங்கள், நெபுலா இருக்கும் ஓரியனின் வாள் முழுவதும் ஒரே படத்தில் வரும்.