ரேமா, எஸ்எஸ்டியா: புகைப்பட வேலைக்கு எதை முதலில் மாற்றுவது?

கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த இடத்தில் காக்க வைக்கிறது என்று பார்க்க வேண்டும். படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூமைத் திறந்து படங்களைத் தள்ளிக்கொண்டே போகும்போது கட்டங்கள் சாம்பல் நிறமாகவே நிற்கிறதா? ஃபோட்டோஷாப்பில் ஏழெட்டு லேயர் ஏறிய பிறகு பிரஷ் இழுத்தால் கோடு பின்னாலேயே வருகிறதா? இல்லை, எல்லாம் முடிந்து எக்ஸ்போர்ட் கொடுத்த பிறகுதான் உட்கார வைக்கிறதா? பெரும்பாலும் முதலாவது டிஸ்க்கின் குறை, இரண்டாவது ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) பற்றாக்குறை, மூன்றாவது பிராசஸரின் வேலை. இதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குகிறவர்கள்தான் "ரேம் போட்டும் ஒன்றும் மாறவில்லை" என்று புலம்புகிறார்கள்.

கண்டுபிடிப்பது எளிது. வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும், பிரவுசர் உட்பட, திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரையும் மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரையும் பக்கத்தில் ஓட விடுங்கள். இதில் ஒரு கண்கட்டு உண்டு. ரேம் போதாதபோது சிஸ்டம் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். அப்போது டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும், பார்ப்பவர் டிஸ்க் மேல் பழி போடுவார். ரேம் அளவும் உச்சியில் நின்றால், உண்மையான காரணம் பெரும்பாலும் ரேம்தான். ஃபோட்டோஷாப்பில் இன்னும் நேரடியான வழி இருக்கிறது: கீழே உள்ள ஸ்டேட்டஸ் பட்டியில் 'எஃபிஷியன்சி'யைத் தேர்ந்தெடுங்கள். அது 100க்குக் கீழே இறங்கினால், ரேம் போதாமல் ஸ்க்ராட்ச் டிஸ்க்கை, அதாவது தற்காலிகமாக எழுதிவைக்கும் டிஸ்க் இடத்தை, தொட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ரேம் எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, கணக்குப் போடலாம். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா ஃபைல் (கேமரா பதிவு செய்தபடியே உள்ள, பதப்படுத்தாத ஃபைல்) மெமரி கார்டில் ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி இருக்கும். அதையே 16-பிட்டில் ஃபோட்டோஷாப்பில் திறந்தால் 2.4 கோடி பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 3 நிறம், நிறத்துக்கு 2 பைட்: மொத்தம் 144 எம்பி. பேக்கிரவுண்டை ஒரு முறை டூப்ளிகேட் செய்தால் இன்னொரு 144. 45 மெகாபிக்சல் என்றால் லேயருக்கு 270 எம்பி. இதற்கு மேல் ஹிஸ்டரி, மாஸ்க், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் எல்லாம் தனி. பனோரமா, ஃபோகஸ் ஸ்டாக் (வெவ்வேறு ஃபோகஸில் எடுத்த படங்களை ஒன்றாக்குவது) என்று இறங்கினால் ஜிபி கணக்கு நொடியில் ஏறிவிடும்.

ஆகவே 8 ஜிபியில் சிஸ்டமும் பிரவுசரும் எடுத்தது போக மிஞ்சுவது சொற்பம். ஒரு நேரத்தில் ஒரு படம் என்று வேலை செய்பவருக்கு 16 ஜிபி போதும். லைட்ரூமும் ஃபோட்டோஷாப்பும் சேர்ந்தே திறந்திருக்கும், அடிக்கடி பனோரமா தைப்பீர்கள் என்றால் 32. அதற்கு மேல் யாரும் சொல்லி வாங்க வேண்டாம். 64 தேவைப்படுகிறவருக்கு அது தானாகவே தெரியும். சும்மா கிடக்கும் ரேம் எதையும் வேகப்படுத்தாது.

டிஸ்க் விஷயம் வேறு மாதிரி. ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு முறையும் முள் நகர்ந்து இடம் தேட வேண்டும். ஒரு தேடலுக்குச் சுமார் 10 மில்லி செகண்ட். லைட்ரூமின் கேட்லாக் (படங்களின் பட்டியலும் திருத்தங்களும் உள்ள ஃபைல்), பிரிவியூ (திரையில் காட்டுவதற்கான பிரதி) எல்லாம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள். அங்கேதான் ஹார்ட் டிஸ்க் திணறும், நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி பறக்கும். எஸ்எஸ்டியில் அதே தேடல் 0.1 மில்லி செகண்ட் அளவில் முடிந்துவிடும்.

எஸ்எஸ்டியிலும் இரண்டு வகை: பழைய இணைப்பான சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ. அப்படியானால் எது? பெட்டியில் உள்ள எண்கள் மிரட்டும்: சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500, நான்காம் தலைமுறை 7000 வரை. ஆனால் ஒரு 30 எம்பி ரா ஃபைலைப் படிக்கச் சாட்டாவுக்கே 0.06 நொடிதான். அதன் பிறகு அந்த ராவைப் பிரித்துத் திரையில் காட்ட பிராசஸர் எடுக்கும் நேரம் அதைவிட எவ்வளவோ அதிகம். படம் தள்ளிப் பார்ப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்க்ராட்ச் டிஸ்க்கிலும், ஜிபி கணக்கில் உள்ள லேயர் ஃபைல்களைத் திறந்து மூடும்போதும்தான் என்விஎம்இ கைகொடுக்கும். எம்.2 ஸ்லாட் (போர்டில் சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தால் என்விஎம்இயையே போடுங்கள். இல்லாத பழைய மெஷினில் சாட்டா போட்டாலும் குறையில்லை. ஒன்று, எம்.2 ஸ்லாட் எல்லாமே என்விஎம்இயை ஏற்காது; சில ஸ்லாட்டுகள் சாட்டா மட்டும்தான்.

வேகத்தைவிட நான் முதலில் பார்ப்பது உள்ளே இருக்கும் சிப் டிஎல்சியா (செல்லுக்கு 3 பிட்), கியூஎல்சியா (செல்லுக்கு 4 பிட்) என்பதை. கியூஎல்சி எஸ்எஸ்டியில் எழுதும்போது தொடக்கத்தில் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) தாங்கும். ஒரே மூச்சில் ஒரு முழு நிகழ்ச்சியின் படங்களைக் கொட்டினால் கேஷ் நிரம்பி, சில மாடல்களில் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கோ அதற்கும் கீழேயோ விழும். மொத்தமாகக் கொட்டுகிறவர் டிஎல்சி பக்கம் போவது நல்லது. எதுவானாலும் முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள்.

அதற்காகப் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு இரண்டும் கலந்ததுதான்: சிஸ்டம், கேட்லாக், பிரிவியூ, கேமரா ரா கேஷ், ஸ்க்ராட்ச் எல்லாம் எஸ்எஸ்டியில்; முடிந்துபோன வேலைகளின் ரா ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில். லைட்ரூம் கிளாசிக்கில் ஸ்மார்ட் பிரிவியூ உருவாக்கிவிட்டால், நீளப்பக்கம் 2500 பிக்சலுக்குச் சற்று மேல் கொண்ட சின்னப் பிரதி கையில் இருக்கும். ஒரிஜினல் உள்ள டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டும் டெவலப் செய்யலாம். சின்ன எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்காரருக்கு இது பெரிய வசதி.

எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி வாங்குவதாக இருந்தால் கேபிளையும் கவனியுங்கள். சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்களில் பல யுஎஸ்பி 2.0 தான். எவ்வளவு வேகமான டிரைவானாலும் அதில் நொடிக்கு 40 எம்பி தாண்டாது. கார்டு ரீடருக்கும் இதே கதி: 64 ஜிபி கார்டைக் காலி செய்ய அந்த வேகத்தில் 27 நிமிடம் போகும், 90 எம்பி தரும் ரீடரில் 12 நிமிடம். பலருக்கு அப்கிரேட் என்றால் முதலில் மாற்ற வேண்டியது இந்த ரீடர்தான்.

சரி, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? 8 ஜிபியும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால் எஸ்எஸ்டிதான் முதலில். ரேம் நிரம்பி டிஸ்க்கில் எழுத நேர்ந்தாலும் எஸ்எஸ்டியில் அது தாங்கக்கூடியதாக இருக்கும். 8 ஜிபியுடன் எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்தால், ரேம். ஆனால் மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் பிறகு சேர்க்கவே வழியில்லை. சேர்க்க முடிகிற மெஷினில் டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் தலைமுறைகளில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஒரே அளவில் இரண்டாகப் போட்டால் டூயல் சேனல், அதாவது இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வேகம், கிடைக்கும்.

16 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தும் இன்னும் இழுக்கிறது என்றால், தேடுகிற இடமே வேறு. லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸ் (படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி) ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் எடுத்தால் அது கிராஃபிக்ஸ் கார்டின் பாடு. அதற்கு ரேமை இரட்டிப்பாக்கினாலும் அந்த நிமிடங்கள் அப்படியேதான் இருக்கும்.