மனித வியாபாரத் தடுப்புத் திட்டப் பொதி: ஆவணம் திறம், நேர்காணல் படிவம் கோட்டை விட்டது

அமெரிக்க அரச ஒப்பந்தங்களில் உபஒப்பந்தம் எடுக்கும் துப்புரவு, பாதுகாப்பு, சமையல் கம்பனிகளுக்காகக் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓர் ஆலோசனை நிறுவனம் இந்தப் பொதியை விற்கிறது. திட்ட ஆவணம், மும்மொழிச் சுவரொட்டி, ஊழியர் நேர்காணல் படிவம், ஒரு நாள் பயிற்சி எல்லாம் இதில் அடக்கம்.

ஆவணத்தில் குறை சொல்ல அதிகமில்லை. அரச ஒப்பந்தங்களில் மனித வியாபாரத்தைத் தடுக்க 2012இல் ஒபாமா பிறப்பித்த 13627ஆம் இலக்க ஆணையும், அதையொட்டி 2015இல் இறுக்கப்பட்ட 52.222-50 என்ற அமெரிக்க அரச கொள்வனவு விதியும் கேட்பதை வரிவரியாக எடுத்திருக்கிறார்கள். வேலைக்காக ஊர் விட்டுப் போகிறவருக்கு, விளங்கும் மொழியில் எழுதிய வேலை விபரம் 5 நாள் முன்னதாகவே கையில் கிடைக்க வேண்டும். வேலை தொடங்குமுன் திட்டத்தின் முக்கிய பகுதிகள் வேலைத்தளத்திலும் இணையத்தளத்திலும் போடப்பட வேண்டும். எதை எப்போது செய்வது என்பதற்கு அட்டவணையே உண்டு.

சறுக்கியது நேர்காணல் படிவத்தில். வேலைக்கு எடுக்க ஊழியரிடம் கட்டணம் வாங்குவதை விதி தடுக்கிறது. படிவத்தில் "ஆட்சேர்ப்புக் கட்டணம் செலுத்தினீர்களா?" என்று ஒரே கேள்வி. எல்லோரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். ஆள் பிடித்துக் கொடுக்கும் சப் ஏஜென்ட், கட்டணம் என்று சொல்லியா வாங்குகிறார்? மெடிக்கலுக்கு, பாஸ்போர்ட்டுக்கு, விசாவுக்கு, டிபொசிட்டுக்கு என்று துண்டு துண்டாக அல்லவா கறக்கிறார். விதியின் வரைவிலக்கணப்படி அத்தனையும் ஆட்சேர்ப்புக் கட்டணமே. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியும் காசும் அதில் சேரும். இங்கே அது சட்டப்படியான அறவீடுதான்; ஆனால் இந்த வேலைகளுக்கு அது ஊழியரின் பையிலிருந்து போகக் கூடாது. பொதியில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

வேலைச் செய்தியை முதலில் கொண்டுவந்தது யார், மெடிக்கலுக்குக் கூட்டிப் போனது யார், காசு எங்கே புரட்டியது, நகை அடகில் இருக்கிறதா என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அடகுத் துண்டின் திகதியையும் ஆட்சேர்ப்புத் திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளத் துண்டில் "முற்பணம்" என்று மாதாமாதம் ஒரே தொகை கழிகிறதா என்றும் பாருங்கள். கேட்கும்போது சுப்பவைசர் அறைக்கு வெளியே நிற்க வேண்டும். விதியை மீறவில்லை என்ற வருடாந்தச் சான்றில் கையெழுத்து வைப்பது கம்பனி. "இல்லை" நிரம்பிய படிவத்தை நம்பி வைத்தால் வில்லங்கம் யாருக்கு?

கடவுச்சீட்டு "பாதுகாப்பாக உள்ளதா" என்ற கேள்வியும் உதவாது. மனேஜரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தாலும் பதில் "ஆம்"தான். நினைத்த நேரம் எடுக்க முடியாவிட்டால் அது மீறல். ஆளுக்கொரு லொக்கர், சாவி ஊழியரிடம், அவ்வளவுதான் வேலை.

சுவரொட்டியில் கம்பனியின் மனிதவளப் பிரிவு இலக்கம் மட்டுமே இருக்கிறது. விதி குறிப்பிடும் மனித வியாபார முறைப்பாட்டு இலக்கமான 1-844-888-3733 ஆவணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதையும் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தையும் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். பயிற்சி பரவாயில்லை, தமிழில் சொல்வது சுருக்கம்தான்.

சிறிய ஒப்பந்தக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். எழுத்துத் திட்டம் கட்டாயமாவது ஒரு தொகைக்கு மேல்தான்: 2015இல் 500,000 டொலர், பிறகு அது உயர்ந்தது. கட்டணம் வாங்குவது, கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பது போன்றவற்றுக்கான தடைகளுக்கு அப்படி எல்லை இல்லை. எல்லா ஒப்பந்தத்துக்கும் பொருந்தும். வாங்குவதானால் நேர்காணல் படிவத்தைத் திருத்தக்கூடிய கோப்பாகக் கேளுங்கள். முதலில் நீட்டுவது பூட்டிய பிடிஎஃப்.