போஸ்ட்கிரெஸ்: தரவுத்தள நிர்வாகியின் பார்வையில் ஒரு மதிப்பீடு

உரிமக் கட்டணம் கிடையாது என்ற ஒரே காரணத்துக்காகவே பல நிறுவனங்கள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகின்றன. பிறகு அதைக் கட்டி மேய்க்கப்போகும் நிர்வாகியின் கருத்தைக் கேட்பது அரிதாகவே நடக்கிறது. இந்த மென்பொருள் அந்த நிர்வாகியிடம் என்னென்ன வேலைகளை எதிர்பார்க்கிறது என்ற கோணத்தில்தான் இதை மதிப்பிடுகிறேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, 1996இல் இன்றைய பெயரைப் பெற்ற இந்த மென்பொருளின் தரத்தில் எனக்கு ஐயம் இல்லை. நிறுவியவுடன் தானாக ஓடும் என்று நம்புவதில்தான் சிக்கல் இருக்கிறது.

முதலில் வேக்யூம் எனப்படும் துப்புரவு வேலை. போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையைத் திருத்தினால் பழைய பதிப்பு அழிவதில்லை; புதிய பதிப்பு தனியாக எழுதப்படுகிறது. படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் தடுக்காமல் இயங்குவதற்கு இந்த ஏற்பாடே காரணம் என்பதால் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தேங்கும் பழைய பதிப்புகளைக் கூட்டித் தள்ளும் ஆட்டோவேக்யூம், இயல்பு அமைப்பில், அட்டவணையின் ஐந்தில் ஒரு பங்கு மாறும்வரை பொறுத்திருக்கிறது. பத்தாயிரம் வரிசைகளுக்கு அது பொருந்தும். 10 கோடி வரிசைகள் உள்ள அட்டவணையில் 2 கோடி செத்த வரிசைகள் (பயனற்றுப்போன பழைய பதிப்புகள்) சேரும்வரை காத்திருப்பது பொருந்தாது. பெரிய அட்டவணைகளுக்கு இந்த விகிதத்தைத் தனித்தனியே குறைத்து வைப்பது நிர்வாகியின் முதல் வாரத்து வேலை.

அப்படியும் ஒரு பொறி மிச்சமிருக்கிறது. முழுமையாக முடியும் அல்லது முழுமையாக ரத்தாகும் வேலைத் தொகுப்பே டிரான்சாக்‌ஷன். யாரோ ஒருவர் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி, ஒரேயொரு வரிசையைத் திருத்திவிட்டு, கமிட் செய்யாமல் (அதாவது மாற்றத்தை உறுதிசெய்து முடிக்காமல்) சாப்பிடப் போய்விட்டால், அதற்குப் பின் செத்த வரிசைகள் எதையும் வேக்யூமால் அந்தத் தரவுத்தளத்திலிருந்து அகற்ற முடியாது. அந்த இணைப்பு செயல்பாட்டுப் பட்டியலில் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்ற நிலையில் சாதுவாகக் காத்திருக்கும். அட்டவணையோ ஊதிக்கொண்டே போகும். இத்தகைய இணைப்பைத் துண்டிக்கும் காலவரம்பு உண்டு என்றாலும், இயல்பு அமைப்பில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. இது எனக்குப் புரியாத முடிவு. டிரான்சாக்‌ஷன் எண் 32 பிட் மட்டுமே என்பதால், வேக்யூம் நெடுங்காலம் தடைபட்டு, மிகப் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 200 கோடியை நெருங்கினால், தரவைக் காப்பதற்காகப் போஸ்ட்கிரெஸ் புதிய எழுத்து வேலைகளை ஏற்க மறுத்துவிடும்.

ஒரு வேலை முடியும்வரை அதனுடன் மோதும் வேலைகளைக் காத்திருக்க வைக்கும் பூட்டுகள் விஷயத்திலும் இதே கவனம் தேவை. ஓர் அட்டவணையில் புதிய நெடுவரிசை சேர்ப்பது நொடியில் முடியும் வேலைதான். ஆனால் அந்தக் கட்டளை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நீண்ட அறிக்கை வினவலுக்காகக் காத்திருக்க நேர்ந்தால், அதன் பின்னால் வரும் சாதாரண வினவல்கள்கூட முறைக்காகக் காத்து நின்றுவிடும். பூட்டுக்கான காலவரம்பை இரண்டு நொடி என வைத்துக்கொண்டு, கிடைக்காவிட்டால் விலகி மறுபடி முயல்வதே அனுபவஸ்தர்கள் செய்வது. அட்டவணை மாற்றங்களையும் டிரான்சாக்‌ஷனுக்குள் செய்து, வேண்டாமென்றால் முழுமையாகத் திரும்பப் பெறும் வசதி இதற்கு நல்ல ஈடு.

பேக்கப் கருவிகள் சிறப்பானவை. குறித்த நொடிக்கே தரவைத் திருப்பிக் கொண்டுவரும் வசதி இருக்கிறது. 17ஆம் பதிப்பிலிருந்து மாறிய பகுதிகளை மட்டும் எடுக்கும் பேக்கப்பும் வந்துவிட்டது. இவற்றை ரீஸ்டோர் செய்து பார்க்கும் ஒழுக்கம் மட்டும் மென்பொருளுடன் வருவதில்லை. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்து நிர்வகிக்கும் சேவை தரும் கிட்லாப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, 9.6 பதிப்பில் ஓடிய தரவுத்தளத்துக்கு 9.2 பதிப்பின் பேக்கப் கருவி இயக்கப்பட்டு வந்ததும், அது தோல்வியடைந்துகொண்டிருந்ததும், எச்சரிக்கை மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டதும் ஒருசேர வெளிப்பட்டன. தற்செயலாகக் கையால் எடுத்த ஒரு பிரதி இருந்ததால் இழப்பு சுமார் ஆறு மணி நேரத் தரவோடு நின்றது. இதையெல்லாம் ஒளிக்காமல் அந்நிறுவனமே வெளியிட்டது. நிர்வாகப் பணிக்கு வர விரும்புபவர் அதைப் படித்துவிட்டு வருவது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறை என்பதால், ஆயிரக்கணக்கான இணைப்புகள் வந்தால் சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் போன்ற இடைநிலைக் கருவி கட்டாயம். ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. ஆவணங்கள் தெளிவானவை, வணிகத் தரவுத்தளங்கள் பலவற்றிலும் இந்தத் தரத்தை நான் பார்த்ததில்லை.

மேகச் சேவையில் வாங்கினால் வட்டு, பேக்கப், மாற்றுச் சேவையகம் ஆகியவற்றை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆயினும் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அகவரிசை) இல்லாத வினவலையும், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் வழங்கப்பட்ட அட்டவணையையும், மூடப்படாத டிரான்சாக்‌ஷனையும் வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்கும் நிறுவனத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.