முழுத் தொகையைக் கொடுக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்

வீட்டில் எச்சரிக்கை மணியும் கேமராக்களும் பொருத்த எண்ணியிருப்பவர்கள், எங்களுக்கு அந்த வேலையைச் செய்துகொடுத்த நிறுவனம் இழைத்த மோசடியை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நாங்கள் வெளியூர் சென்றிருந்த இரவில், திருடர்கள் வெளிப்புறத்தில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பின்கதவை நெம்பி உள்ளே நுழைந்து, பீரோவை உடைத்துச் சென்றிருக்கிறார்கள். மணி ஒலிக்கவே இல்லை. மின்சாரம் நின்றதும் கேமராக்களும் பதிவை நிறுத்திவிட்டன.

வேறொரு எலக்ட்ரீஷியனை வைத்து மணிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். மின்தடையின்போது மணியை இயக்க வேண்டிய பேட்டரி உள்ளே இருந்தது. ஆனால் அதன் சிவப்பு வயர் இணைக்கப்படாமல், முனையில் இருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படாமல், மடித்து ஓரமாகச் செருகப்பட்டிருந்தது. பின்கதவில் நடந்தது இதைவிடக் கொடுமை. கதவில் ஒட்டும் காந்தமும் நிலையில் பொருத்தும் சுவிட்சும் நெருக்கமாக இருந்தால்தான் கதவு மூடியிருப்பதைச் சென்சார் உணரும். இவர்கள் தள்ளித் தள்ளிப் பொருத்தியதால் கதவு எப்போதும் திறந்திருப்பதாகவே காட்டியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல், அந்தக் கதவையே கண்காணிப்பிலிருந்து நீக்கிவிட்டு, ‘அனைத்தும் சோதிக்கப்பட்டது’ என்று கையெழுத்திட்ட தாளை எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் வட கரோலினா சார்லட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வீடு புகுந்து திருடிச் சிறையில் இருந்த 422 பேரிடம் விசாரித்தபோது, மணி இருந்தால் வேறு வீட்டைத் தேடுவோம் என்று சுமார் 60 சதவீதம் பேர் சொன்னதை அந்த நிறுவனத்தின் விற்பனையாளர் எங்களிடம் எடுத்துக்காட்டினார். அது உண்மைதான். ஆனால் அருகில் ஆள் நடமாட்டம் உண்டா, தப்பிச் செல்ல வழி உண்டா என்பவற்றையும் பெரும்பாலோர் பார்ப்பதாக அதே ஆய்வு சொல்வதை அவர் சொல்லவில்லை. எங்கள் பின்வாசலில் விளக்கும் இல்லை, நடமாட்டமும் இல்லை. தாழ்ப்பாள் நுழையும் தகடோ நிலையில் குட்டையான திருகாணிகளால் மட்டுமே நின்றிருந்தது. இப்போது சுவர்வரை இறங்கும் நீளமான திருகாணிகளைப் போட்டிருக்கிறோம். மணி வாங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது என்பது என் உறுதியான கருத்து.

வேலை முடிந்ததும், பொருத்தியவர்களை அருகில் வைத்துக்கொண்டே மெயின் சுவிட்சை அணைத்து, ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் நீங்களே திறந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மணி அலற வேண்டும். கண்காணிப்பிலிருந்து எதுவும் நீக்கப்படவில்லை என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் வைத்த ரகசிய எண்ணை அன்றே மாற்றிவிடுங்கள். மீதித் தொகையை அதன் பிறகு கொடுத்தால் போதும்.

திருட்டுக்குப் பிறகு அந்த நிறுவனம், எல்லாவற்றையும் இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொல்லி உடனே ஆள் அனுப்பியது. அந்த வயரையும் சென்சாரையும் படம் எடுத்து, கையெழுத்திட்ட தாளுடன் போலீசில் கொடுக்கும்வரை அவரைப் பெட்டியைத் தொட நாங்கள் அனுமதிக்கவில்லை.