அவர் அதிர்வெண்ணிலா, நம் அதிர்வெண்ணிலா?

ஹாம் ரேடியோக்காரர்கள் கணினி வழியாகக் குறுஞ்செய்திகளைச் சைகையாக அனுப்பும் முறை எஃப்டி8. அதில் தூரத்து நிலையத்துக்குப் பதில் சொல்ல இரண்டு வழிகள். அவர் சிக்யூ, அதாவது ‘யாராவது இருக்கிறீர்களா’ என்ற பொது அழைப்பு, விடும் அதிர்வெண்ணிலேயே போய் அழைக்கலாம். இல்லையென்றால், காலியான ஓர் இடத்தில் நம் அதிர்வெண்ணைக் கட்டிவைத்து, அங்கிருந்தே எல்லோரையும் அழைக்கலாம். பெங்களூர் அல்சூரில் என் மொட்டைமாடியில் ஒரு கம்பி ஆன்டெனாவுடன் முதல் வழியில் ஓராண்டு ஓட்டினேன். இரண்டாவதுக்கு மாறி இரண்டாண்டு ஆகிறது. திரும்பும் எண்ணம் இல்லை.

முதல் வழி எளிது. திரையில் அவருடைய அழைப்புக்குறியை (நிலையத்தின் அடையாளப் பெயர்) இருமுறை சொடுக்கினால் மென்பொருளே நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்தும். கூட்டமில்லாத நேரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அரிய நாட்டுக்காரர் ஒருவர் தலைகாட்டினால், சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் ஒரே ஜன்னல் வழியாகப் பத்துப் பேர் துண்டு போடுகிற கதைதான். மென்பொருள் வலுத்த சைகையை முதலில் படித்து, அதைக் கழித்துவிட்டு, அடியில் கிடப்பதைத் தேடும். என் கம்பிக்கு வலுத்த சைகையாக இருக்கும் பாக்கியம் வாய்த்ததே இல்லை.

ஒரு சைகைக்கு 50 ஹெர்ட்ஸ் போதும். எஃப்டி8-காரர்கள் கூடும் 14.074 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் விரிந்து கிடக்கிறது. ஐம்பது பேர் இடிக்காமல் உட்காரக்கூடிய இடத்தில் ஏன் ஒருவர் மடியில் ஒருவர்?

ஆகவே நம் அதிர்வெண்ணை நகராமல் பிடித்துவைக்கும் ஹோல்டு பெட்டியைச் சொடுக்கிவிட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி வாட்டர்ஃபாலில் (சைகைகளைக் கோடுகளாகக் காட்டும் திரை) காலியிடத்தைத் தொடுகிறேன். பெரும்பாலும் அந்த விரிப்பில் 1,500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான். ஒலியளவு சற்றுக் கூடிப்போனாலும் அதனால் இரட்டை அதிர்வெண்ணில் எழும் போலிச் சைகை 3,000-ஐத் தாண்டி ரேடியோவின் ஃபில்டரில் மாட்டிக்கொள்ளும். அடுத்தவர் தலையில் விழாது.

எல்லாம் சரி, எது காலி? வழக்கு தீர்வது இந்தக் கேள்வியில்தான். எஃப்டி8-இல் 15 நொடி ஒருவர் அனுப்பும் முறை, அடுத்த 15 நொடி எதிராளியின் முறை. நாம் அனுப்பும் முறையில் நமக்குக் காது கேட்காது. அதே முறையில் அனுப்புகிற மற்றவர்கள் நம் திரையில் விழவே மாட்டார்கள். நாம் பார்ப்பது எதிர்முறையின் காலியிடத்தை. இடிபடுவதோ நம் முறையில்.

ஒரு மாலை பிரேசில் நிலையம் ஒன்றை 1,240-இலிருந்து முக்கால் மணி நேரம் அழைத்தேன். ஏறத்தாழ 14 ஆயிரம் கிலோமீட்டர். பொறுமை வேண்டும் என்று என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன். தேநீர் எடுக்க எழுந்தபோது அனுப்புவதை நிறுத்தினேன். திரும்பி வந்தால், 1,240-இல் தடித்த மஞ்சள் கோடு: ஜப்பானிய நிலையம் ஒன்று அதே முறையில் கால் நீட்டிப் படுத்திருந்தது. 1,810-க்கு நகர்ந்தேன், இரண்டாவது அழைப்பிலேயே பதில், மைனஸ் 17 டெசிபல் என்ற மெல்லிய சைகை அளவுடன். அந்த நிமிடத்தில் அலைவழி தற்செயலாகத் திறந்திருக்கவும் கூடும். ஒரு மாலையை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து நான்கு அழைப்புக்கு ஒருமுறை வாயை மூடிக்கொண்டு என் முறையைப் பார்க்கிறேன்.

அப்படியும் தெரிவது பெங்களூரின் காலியிடம்தான். பிரேசில்காரர் காதில் அவருடைய அக்கம்பக்கத்துக் கூச்சல் விழும். அது எனக்குக் கேட்காது. அதனால் ஏழெட்டு அழைப்புக்கும் பதில் இல்லையென்றால் காரணம் தேடாமல் இடம் மாறிவிடுகிறேன்.

அரிய தீவுகளுக்குப் போய் ரேடியோ இயக்குகிறவர்கள் ஒரே நேரத்தில் பலருக்குப் பதில் சொல்லும் ஃபாக்ஸ்-ஹவுண்ட் ஏற்பாட்டுக்கு இந்த வாதம் செல்லாது. அங்கே 1,000-க்கு மேல் அழைக்க வேண்டும். பதில் வந்ததும் மென்பொருளே நம்மைக் கீழே இழுத்துக்கொள்ளும். நான் அதில் இறங்கியது மூன்றே முறை, ஆகவே அறிவுரை சொல்லத் தகுதியில்லை.

இன்னொன்று. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் என் திரையில் 2,050-இல் ஓயாமல் ஒரு கோடு இழுக்கும். முதல் வழியில் இருந்தவரை அதைக் கண்டாலே எரிச்சல். பதில் வருவது அவர் அதிர்வெண்ணில் என்றான பிறகு, அந்தக் கோட்டால் எனக்கு என்ன நஷ்டம்? அது என் வீட்டுத் திரையில் மட்டும் இருக்கிற கோடு. அதன் அடியில் மெல்லிய சைகை ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பல இரவுகளில் 2,050-இலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.