கணுக்கால் எக்ஸ்-ரேயும் ஒரு ஃபோம் வெட்ஜ் தொகுப்பும்

எங்கள் எலும்பு மருத்துவமனையின் எக்ஸ்-ரே அறைக்கு, வைனைல் உறை போட்ட ஐந்து ஃபோம் வெட்ஜுகள் (படம் எடுக்கும்போது உடலை உரிய கோணத்தில் தாங்கி நிறுத்தும் ஆப்பு வடிவத் துண்டுகள்) அடங்கிய தொகுப்பு ஒன்றை வாங்கியிருக்கிறோம். உடலின் எந்தப் பகுதிக்கும் பயன்படும் என்றே விற்பனையாளர் சொல்கிறார். ஆயினும் இத்தகைய பொருளின் தரத்தைச் சோதித்துவிடுவது கணுக்கால்தான் என்பதால், அந்த ஒன்றை வைத்தே இதை மதிப்பிடுகிறேன்.

கணுக்காலுக்கு வழக்கமாக எடுக்கும் மூன்று படங்களில், நேர்முகமாக எடுக்கும் ஏபி படத்துக்கு வெட்ஜ் தேவைப்படாது. கணுக்கால் மூட்டின் இடைவெளி முழுவதையும் காட்டும் மார்ட்டிஸ் படம்தான் வேலை வாங்குவது. மல்லாந்து படுத்திருப்பவரின் வெளிக்கணு, உட்கணுவைவிடச் சற்றுப் பின்தள்ளியே அமைந்திருக்கும். ஆகவே கால் முழுவதையும் 15 முதல் 20 டிகிரி வரை உட்புறமாகத் திருப்பி, இரு கணுக்களையும் இணைக்கும் கோடு, படம் பதியும் தகடான டிடெக்டருக்கு இணையாக வரும்படி வைத்தால்தான், டேலஸ் எலும்பின் (கணுக்கால் மூட்டின் அடியில் உள்ள எலும்பு) மேற்புறத்திலும் இரு பக்கங்களிலும் உள்ள மூட்டு இடைவெளி ஒரே சீராகத் திறந்து தெரியும். உட்புற இடைவெளி 4 மி.மீ.க்கு மேல் அகன்றிருந்தால் அங்கே எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் கிழிந்திருக்குமோ என்று மருத்துவர் ஐயப்படுவார். திருப்பம் பிசகிய படத்தில் அந்த அளவை நம்ப இயலாது.

இத்தொகுப்பின் 15 டிகிரி வெட்ஜ் இந்த வேலையை நன்றாகவே செய்கிறது. அதன் நீளம்தான் காரணம். நடுக்கெண்டைக்கால் முதல் குதிகால் வரை வெளிப்புறத்தின் கீழே அணைவாக உட்கார்வதால், பாதத்தோடு காலும் சேர்ந்தே திரும்பி நிற்கிறது. மலிவான குட்டை வெட்ஜுகள் பாதத்தை மட்டும் உள்ளே தள்ளும்; மேலிருந்து பார்த்தால் திரும்பியது போலவே இருக்கும், படத்திலோ ஃபிபுலா (காலின் வெளிப்புற மெல்லிய எலும்பு) டேலஸின் மேல் ஏறிக் கிடக்கும். (பெருவிரலைப் பார்க்காமல் முழங்காலைப் பார்க்க வேண்டும் என்று புதிதாக வரும் டெக்னீசியன்களுக்குச் சொல்வது இதனால்தான்.) 45 டிகிரி வெட்ஜைக் கணுக்காலுக்கு நாங்கள் எடுப்பதே அரிது.

பக்கவாட்டுப் படத்தில், முழங்காலுக்குக் கீழே வைக்கும் சிறிய கட்டை உதவுகிறது. அந்தத் தாங்கல் சரியாக இல்லாவிட்டால் கால் உருண்டு, டேலஸின் இரு மேல்வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் இரட்டைக் கோடாகத் தெரியும். பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக நிறுத்துவதற்கு மட்டும் எந்த வெட்ஜும் போதாது. பாதத்தில் துணிப்பட்டை மாட்டி நோயாளியையே இழுத்துப் பிடிக்கச் சொல்வதே இன்றும் வழி. எலும்பு முறிந்து காலைத் திருப்பவே முடியாமல் வருபவர்களுக்கு, தட்டையான பெரிய கட்டையின் மேல் காலை உயர்த்திக் கிடைமட்டக் கதிரில் படம் எடுக்கிறோம். குதிகால் வெட்டுப்படாமல் முழுமையாக விழுகிறது.

உறையின் அருமை காயத்தோடு வருபவர்களிடம் தெரிகிறது. முன்பிருந்த உறையில்லாத ஸ்பாஞ்ச் பீட்டாடைனை உறிஞ்சிக்கொள்ளும். அதிலுள்ள அயோடின் படத்தில் வெள்ளைத் திட்டுகளாக விழும். மாவுக்கட்டுத் தூளும் அவ்வாறே. இந்த உறையை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

குறை, உறையின் தையலில் இருக்கிறது. கணுக்காலுக்கு 55 கேவி (கிலோவோல்ட்) என்ற குறைந்த மின்னழுத்தத்திலேயே எக்ஸ்போஷர் கொடுப்பதால், தடித்த மடிப்பு மெல்லிய கோடாகப் பதிவாகிறது. அதுவும் ஃபிபுலாவின் நுனியில் மயிரிழை முறிவைத் தேடும் இடத்தில் விழுந்தால் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான். வலது காலுக்கு வைக்கும்போது தையல் உள்ள முனை கெண்டைக்கால் பக்கம் போய்விடுகிறது. இடது காலுக்காக வெட்ஜைத் திருப்பினால் அதே முனை கணுக்காலின் அடியில் வந்து நிற்கிறது. கவிழ்த்து வைத்தால் தப்பலாம், ஆனால் அப்போது வெட்ஜ் மேசையில் ஆடுகிறது. வடிவமைத்தவர் ஒருமுறை இரண்டு கால்களிலும் வைத்துப் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும்.

நாள்தோறும் கணுக்கால் படம் எடுக்கும் இடங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எப்போதாவது எடுப்பவர்களுக்கு ஐந்து துண்டுகளும் தேவையில்லை. எங்களுக்கு விற்றவர் துண்டுகளைத் தனித்தனியே தர மறுத்துவிட்டார். தனியாகத் தருபவர் கிடைத்தால், 15 டிகிரி வெட்ஜில் இரண்டை, தையல் எதிரெதிர் முனைகளில் இருக்கும்படி கேட்டு வாங்குவது நல்லது.