தனிப் பட்டாவா, ஊர் முழுக்கான உரிமையா?

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கத்து இருளர் பழங்குடியினருக்கும் 2006 வன உரிமைச் சட்டம் இரண்டு வழி வைத்திருக்கிறது.

தனி உரிமை என்பது 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே உழுதுவரும் காட்டு நிலத்துக்கானது. அதிகபட்சம் 4 ஹெக்டேர். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. சாமையோ ராகியோ பயமில்லாமல் விதைக்கலாம்.

சரி, மழை பொய்த்தால்? அங்கேதான் சமூக உரிமை நிற்கிறது. தேன், கடுக்காய், கிழங்கு போன்றவற்றைச் சேகரிக்கவும் விற்கவும் ஊருக்கே உரிமை. மேய்ச்சலும் உண்டு. காட்டைக் காக்கும் அதிகாரமும் கிராம சபைக்கு வரும். முக்கியமாக, ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத குடும்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. பட்டாவில் அது நடக்காது.

பட்டா கையில் பிடிக்கிற காகிதம், அதனால் ஆசை அதன் மேல்தான். என்னைக் கேட்டால், சாப்பாட்டுக் கணக்கில் சமூக உரிமையே முந்துகிறது. ஒன்றைக் கேட்டால் மற்றது போய்விடாது. தனி உரிமைக்குப் படிவம் ஏ, சமூக உரிமைக்குப் படிவம் பி. பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தால் அதுவும் சான்றுதான்.